உள்ளே செல்லும் சேதிக்கு ஒரு பெயர்

நீரிழிவு நோயுடையவர்களின் மருத்துவக் குறிப்புகளில் ‘நரம்புப் பாதிப்பு’ என்னும் சொற்றொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. அதைப் படித்ததும் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, “கை கால் விழுந்துவிடுமா?” என்பதே. நோயாளி எழுந்து நடக்கிறார், படியேறுகிறார், பேருந்தில் தனியே வந்து போகிறார் என்பதைக் கண்டதும் அந்த அச்சம் தணிகிறது. நடக்க முடிகிறது என்றால் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகின்றனர். பாதத்தில் வலியும் இல்லை என்றால் அவர்களின் ஆறுதல் முழுமையாகிவிடுகிறது.

இந்த ஆறுதலே பல பாதங்களுக்கு ஆபத்தாக முடிகிறது என்பது நாங்கள் அன்றாடம் காணும் உண்மை. இதற்கு நோயாளியின் கவனக்குறைவை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமன்று. நாங்கள் எழுதிக் கொடுக்கும் சொல்லிலேயே ஒரு குறை உள்ளது. உடலில் இரு திசைகளில் நரம்புகள் பணி செய்கின்றன. அவற்றுள் எத்திசை நரம்பு பழுதுபட்டது என்பதை ‘நரம்புப் பாதிப்பு’ என்னும் சொற்றொடர் சொல்வதில்லை. அத்திசையைச் சொல்லும் பெயர் மருத்துவ நூல்களில் உண்டு. அப்பெயர் நோயாளியின் கைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் முன்வைக்கும் கருத்து.

ஒரு சொல், பல பொருள்

‘நரம்பு’ என்பது தமிழில் மிகப் பழைய சொல். யாழில் கட்டிய தந்திக்கும் அதுவே பெயர். உடலில் கயிறுபோல் நீண்டு கிடப்பன பலவற்றுக்கும் மக்கள் அப்பெயரையே வழங்கி வந்துள்ளனர். இன்றும் “நரம்பில் ஊசி போட்டார்கள்” என்பவர் குறிப்பது சிரையை. “நரம்பு சுருட்டிக்கொண்டது” என்பவர் குறிப்பதும் காலில் புடைத்து நிற்கும் சிரையையே. “நரம்பு இழுத்துக்கொண்டது” என்பவர் தசையையோ தசைநாணையோ குறிக்கிறார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் சொல்லோ கை நடுக்கம் முதல் மனச்சோர்வு வரை எதற்கும் பயன்படுகிறது.

மக்கள் வழக்கில் இதைக் குற்றமென்று கூற இயலாது. ஆனால் இத்தனை பொருள்களைச் சுமக்கும் ஒரு சொல்லை மட்டும் மருத்துவக் குறிப்பில் எழுதித் தருவது, ஊர்ப்பெயர் இல்லாமல் தெருப்பெயரை மட்டும் எழுதி அஞ்சலில் இடுவதைப் போன்றதாகும்.

இரு திசைகள்

வெறுங்காலில் முள் தைக்கிறது. அச்சேதி பாதத்திலிருந்து புறப்பட்டுத் தண்டுவடத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு கட்டளை திரும்பி வந்து காலை இழுத்துக்கொள்ளச் செய்கிறது. சேதி ஒரு நரம்பிழை வழியே உள்ளே செல்கிறது; கட்டளை வேறொரு நரம்பிழை வழியே வெளியே வருகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே நரம்புக் கற்றைக்குள் அருகருகே கிடப்பினும், பணியால் வேறானவை.

இவ்வேறுபாட்டை ஆய்வின் வழியே நிறுவியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கமாகும். தண்டுவடத்திலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு நரம்புக்கும் முன்வேர், பின்வேர் என இரு வேர்கள் உள்ளன. முன்வேர் இயக்கத்தோடு தொடர்புடையது என்பதை இங்கிலாந்தில் சார்லஸ் பெல் 1811-இல் சுட்டிக் காட்டினார். பின்வேரை வெட்டினால் உணர்வு அறுபடுகிறது, இயக்கம் அறுபடுவதில்லை என்பதைப் பிரான்சில் பிரான்சுவா மழாந்தி 1822-இல் தெளிவாக்கினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதை இவ்விருவர் பெயராலேயே விதியாகக் கற்கின்றனர். உணர்வு போனாலும் இயக்கம் எஞ்சியிருக்க முடியும் என்பதே அவ்விதியின் சாரம். “நடக்கிறார், ஆகவே நரம்பு நலம்” என்னும் நம் முடிவு தவறு என்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

உள்ளே செல்லும் நரம்புக்கு ஆங்கில மருத்துவம் இட்ட பெயர் ‘அஃபெரென்ட்’. வெளியே வருவதற்கு ‘எஃபெரென்ட்’. இரண்டும் இலத்தீன் வேர் கொண்டவை. ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல். அதன்முன் வரும் ‘அட்’ என்பது ‘நோக்கி’ என்றும், ‘எக்ஸ்’ என்பது ‘வெளியே’ என்றும் பொருள்படும். நோக்கிச் சுமப்பது ஒன்று, வெளியே சுமப்பது மற்றொன்று. இந்த ‘ஃபெர்ரே’யும் வடமொழியில் சுமத்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிவு. “கால் பாரமாக இருக்கிறது” என்று நாம் சொல்லும்போது வரும் ‘பாரம்’ அந்த வடமொழி வேரிலிருந்து நம்மிடம் வந்ததே.

இப்பெயர் நரம்புக்கு மட்டும் உரியதன்று. சிறுநீரகத்தின் வடிமுடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்தமனிக்கும், நிணநீர்க் கணுவுக்குள் நிணநீரைக் கொண்டுசெல்லும் நாளத்துக்கும் இதே அடைமொழி உண்டு. ஆகவே அச்சொல்லின் உட்பொருள் திசை, உணர்வு அன்று. இது நினைவிற் கொள்ளத்தக்கது. உள்ளே செல்லும் சேதிகள் அனைத்தும் நமக்கு உணர்வாகத் தெரிவதில்லை. கழுத்துத் தமனியில் இரத்த அழுத்தம் ஏறியிறங்குவதை நொடிதோறும் மூளைத்தண்டுக்கு அறிவிக்கும் நரம்பிழைகள் உண்டு. அவற்றின் சேதியை நாம் ஒருநாளும் உணர்ந்ததில்லை. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உள்நோக்கிச் சேதி சுமப்பவையே. அவை தரும் சேதிகளிற் பெரும்பாலானவை நம் அறிவுக்கு எட்டாமலே உடலை நடத்துகின்றன.

தமிழில் பெயரிட்டோர்

உடற்கூற்றுக்குத் தமிழில் பெயரிடும் முயற்சி புதியதன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூல் உள்ளிட்ட பல நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. தமிழகத்தில் இப்பணி தொடங்கிய இடங்களுள் ஒன்று நம் கொங்கு மண்டலத்தின் சேலம். இராஜாஜி முதலியோர் 1916-இல் அங்கே தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். விடுதலைக்குப் பின் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘கலைக்களஞ்சிய’த்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய தி.சு. அவினாசிலிங்கம் திருப்பூரில் பிறந்தவர். கோவையிலிருந்து வெளிவந்த ‘கலைக்கதிர்’ இதழ், பொறியியல் முதல் மருத்துவம் வரை எளிய தமிழில் எழுத முடியும் என்பதை மாதந்தோறும் மெய்ப்பித்தது. அறிவைத் தமிழில் சொல்வதில் இம்மண் பிறருக்குப் பின்தங்கியதில்லை.

உள்நோக்கிச் செல்லும் நரம்புக்கும் இன்று தமிழில் பெயர்கள் உள. ‘உணர்ச்சி நரம்பு’, ‘புலன் நரம்பு’, ‘உட்செல் நரம்பு’ என்பவை தமிழகத்தில் வழங்குவன. இலங்கைத் தமிழர் ‘உட்காவு’ என்னும் அடைமொழியைக் கையாளுகின்றனர். இவற்றை ஒரு நோயாளியின் செவி எவ்வாறு ஏற்கும் என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

‘உணர்ச்சி நரம்பு’ எளிய சொல். ஆனால் ‘உணர்ச்சி’ என்றதும் நம்மில் பலருக்கு அழுகையும் சினமும் நினைவுக்கு வருகின்றன. “உங்களுக்கு உணர்ச்சி குறைந்துள்ளது” என்று கேட்டுக் கூச்சத்தோடு தலைகுனிபவர்களும் உண்டு. ‘புலன் நரம்பு’ என்றால் கண்ணும் காதும் என்று எண்ணுகின்றனர். பாதத்தின் தோல் புலனாகத் தோன்றுவதில்லை. மேலும், உணர்வாகத் தெரியாத உட்செய்திகளை இவ்விரு சொற்களும் தம்முள் அடக்குவதில்லை.

‘உட்காவு’ இலத்தீன் சொல்லுக்கு மிக நெருங்கியது. காவுதல் என்றால் தோளில் சுமந்து செல்லுதல். யாழ்ப்பாணத்தில் இன்றும் சுமையைக் ‘காவிக்கொண்டு’ வருகிறார்கள். கொங்கு நாட்டில் அவ்வினைச்சொல் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ‘காவு’ என்றால் இங்கே பலி என்றே பொருள். எனினும் தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் பழனிக்குச் செல்லும் ஒவ்வொரு தோளிலும் அப்பழைய வினை ‘காவடி’யாக வாழ்கிறது. அழகிய சொல்லாயினும், மருத்துவமனையில் அச்சம் தரும் பொருளோடு செவியில் விழும் சொல்லை நோயாளிக்குப் பரிந்துரைக்க எங்களுக்குத் துணிவில்லை.

எஞ்சுவது ‘உட்செல் நரம்பு’. பள்ளிப் பாடநூல் வழியாக இளைய தலைமுறைக்கு ஓரளவு அறிமுகமான சொல் இது. இதிலும் ஓர் இடர் உண்டு. உயிரணுவுக்கும் ‘செல்’ என்றே பெயர் வழங்குவதால் ‘உட்செல்’ என்பதை உடலுக்குள் இருக்கும் அணு என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் திசையைச் சொல்லும் சொல் இதுவே. ஆதலால், எழுத்தில் ‘உட்செல் நரம்பு’ என்றும், வாய்மொழியில் ‘சேதி கொண்டுபோகும் நரம்பு’ என்றும் வழங்கலாம் என்பது எங்கள் கருத்து. இதன் எதிர்த்துணையை ‘வெளிச்செல் நரம்பு’ என்றும் ‘கட்டளை கொண்டுவரும் நரம்பு’ என்றும் கூறலாம்.

“மருத்துவருக்குத் தெரிந்தால் போதாதா? நோயாளிக்கு எதற்கு இந்தச் சொல்லாராய்ச்சி?” என்று கேட்போர் உண்டு. “சென்சரி என்றே சொல்லிவிடலாமே” என்போரும் உண்டு. சுகர், பிரஷர், ஸ்கேன் முதலிய சொற்கள் நம் வீடுகளில் நன்றாகவே பயன்படுகின்றன. அவற்றோடு எங்களுக்குப் பகையில்லை. ஆனால் ‘அஃபெரென்ட்’, ‘எஃபெரென்ட்’ என்னும் இரண்டும் முதலெழுத்தில் மட்டுமே வேறுபடுபவை. ஆங்கிலத்தில் பயிலும் மாணவர்களே தடுமாறுபவை. ‘சென்சரி’ என்பதும் கேட்பவருக்கு ஒரு படத்தை மனத்தில் எழுப்புவதில்லை. சேதி உள்ளே செல்லவில்லை என்று சொன்னால், அதற்குப் பதிலாகத் தான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேட்பவர் தாமே ஊகித்துவிடுகிறார். ஒரு பெயரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இந்த உதவியையே.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

உள்ளே செல்லும் சேதி நின்றுபோனால் என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். அவர் பெயர் பால் பிராண்ட். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலத்து நம்பிக்கை. நோயாளிகளின் கைகளையும் பாதங்களையும் நாள்தோறும் கூர்ந்து நோக்கிய அவரும் அவருடைய குழுவினரும் வேறொரு முடிவுக்கு வந்தனர். விரல்களை அழித்தது நேரடியாக நோயன்று. நோய் நரம்புகளை அழித்தது. வலி என்னும் சேதி நின்றுபோனது. சூடான பாத்திரத்தைப் பற்றிய கை விடவில்லை. கல் உறுத்திய பாதம் நின்று பார்க்கவில்லை. கவனிக்கப்படாத சிறு காயங்களும் அவற்றில் ஏறிய கிருமிகளுமே விரல்களைத் தின்றன.

பின்னர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, அதே கண்ணோட்டம் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதை அவர் எடுத்துக்காட்டினார். வலியை யாரும் விரும்பாத கொடை என்று தலைப்பிலேயே அழைத்த நூலொன்றை 1993-இல் பிலிப் யான்சியுடன் இணைந்து வெளியிட்டார். வலியைத் தணிப்பதற்காக மருத்துவமனையை நாடி வரும் நமக்கு அத்தலைப்பு விந்தையாகத் தோன்றலாம். பாதத்தில் புண்ணோடு, ஆனால் வலியே இல்லாமல் வரும் ஒருவரைப் பார்த்தவர்க்கு அது விந்தையன்று.

நீரிழிவில் உட்செல் நரம்புகள் பழுதுபடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கால் விரல் நுனியிலிருந்து தண்டுவடம் வரை ஒரே நரம்பணுவின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. மிக நீண்ட இழைகளே முதலில் நலிகின்றன. ஆதலால் கேடு விரல் நுனிகளில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மெல்ல மேலேறுகிறது. முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல் நுனிகளும் தொடப்படுகின்றன. கட்டளை கொண்டுவரும் நரம்புகள் பெரும்பாலும் பின்னரே தெளிவாக நலிவதால், நடை நெடுநாள் இயல்பாகவே தோன்றுகிறது.

நம் மக்களின் சொற்களே இந்நிலைகளைத் துல்லியமாகப் பதிவு செய்துள்ளன. “மதமதன்னு இருக்குதுங்க” என்றால் சேதி மங்கிவிட்டது. “பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குதுங்க” என்றால் தரையின் சேதி வந்து சேரவில்லை. “செருப்புக் கழண்டதே தெரியலீங்க” என்றால் கேடு முற்றிவிட்டது. மரம்போல் ஆனதையே ‘மரத்துப்போனது’ என்கிறோம். ஒன்றுமில்லாத இடத்தில் “திகுதிகுன்னு எரியுதுங்க” என்பது, பழுதுபட்ட நரம்பு தானே கிளப்பும் பொய்ச் சேதி. தொட்டால் தெரியாத பாதம் இரவெல்லாம் எரிவது எப்படி என்று வியப்போர்க்கு இதுவே விடை. எரிச்சல் அடங்கியதைக் குணம் என்று எண்ணிவிடவும் கூடாது. சில வேளைகளில் நரம்பு முற்றிலும் ஓய்ந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

பாதத்தோடு இது முடிவதுமில்லை. நெஞ்சிலிருந்து செல்லும் சேதி மங்கினால், மாரடைப்பும் பெரிய வலியின்றி, மூச்சுத்திணறலும் வியர்வையும் சோர்வுமாக மட்டும் வரலாம். மூட்டும் தசையும் தம் நிலையைத் தெரிவிக்கும் சேதி நின்றால், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் இருட்டில் நடக்கும்போதும் உடல் தள்ளாடும். இரண்டாவதற்கு வைட்டமின் பி12 குறைபாடும் ஒரு காரணமாகலாம். உரிய நேரத்தில் கண்டறிந்தால் மருத்துவத்தால் பயன் உண்டு.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது

மருத்துவர் ‘நரம்புப் பாதிப்பு’ என்று சொன்னால் அல்லது எழுதினால், “எந்த நரம்பு? சேதி கொண்டுபோவதா, கட்டளை கொண்டுவருவதா?” என்று கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் அன்று, உங்கள் உரிமை. மருத்துவக் குறிப்பு எழுதும் எம்மவரும் ‘பாதத்தின் உட்செல் நரம்புகளில் பாதிப்பு, காயம் பட்டால் தெரியாது’ என்று முழுமையாக எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கூடுதலாகச் செலவாவது ஒரு வரி மை மட்டுமே.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடுவதும், அதிரும் இசைக்கவையை விரலின் எலும்பின்மேல் வைப்பதுமே இப்பரிசோதனை. சில நிமிடங்களில் முடிவது, வலியற்றது.

சேதி உள்ளே செல்லவில்லை என்று தெரிந்துவிட்டால், அப்பணியைக் கண்ணும் பிறர் கையும் ஏற்க வேண்டும். நாள்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய இயலாதவர்க்குக் கண்ணாடியோ வீட்டார் கண்ணோ துணையாகட்டும். செருப்பையும் ஷூவையும் அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாதீர்கள். உணர்வு நலமாக உள்ள ஒருவர் கைவைத்துப் பார்க்கட்டும். மரத்த பாதத்துக்குச் சூட்டு ஒத்தடம் ஒருபோதும் வேண்டாம். காயமோ கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால், வலியில்லை என்பதற்காக ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

மஞ்சள் காட்டிலும் தென்னந்தோப்பிலும் வெறுங்காலோடு உழைப்பது நம் வழக்கம். பழனிக்கு வெறுங்காலோடு நடப்பதும், பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் நம் நேர்த்திக்கடன். அந்நம்பிக்கையை நாங்கள் குறைத்து எண்ணவில்லை. ஆயினும் நலமான பாதம் வெயிலையும் கல்லையும் அறிந்து ஒதுங்கும். மரத்த பாதம் அறியாது. ஆதலால் பாத உணர்வு இழந்தவர்கள் விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் கலந்து, வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றுவது நலம். வீட்டிலுள்ள ஒருவர் அவர் பொருட்டு நடந்து காவடி சுமக்கலாம்; வேண்டுதல் குறைவுபடாது, பாதமும் பிழைக்கும்.

பெயர் தெரிந்ததனால் மட்டும் நோய் நீங்கிவிடாது. ஆனால் எது நின்றுபோயிற்று என்று தெரிந்தவரே அதன் இடத்தில் எதை வைப்பது என்று அறிவார். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது காலணியைக் கழற்றிவிட்டு, “சேதி உள்ளே செல்கிறதா, பாருங்கள்” என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூறுவது எங்கள் கடமை.